ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி: ஆதிதிராவிடர் விடுதிகளின் நூறு வருடம்

இன்றைக்கு ஒரு எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1,500 ரூபாய். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவருக்கு, ஒரு மாதச் சாப்பாட்டுக்கு அரசு ஒதுக்கும் தொகை அது. 2023-ல் உயர்த்தினாங்க, அதுக்கு முன்னாடி 1,100. முப்பதால் வகுத்தா ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூணு வேளைக்கும் சேர்த்து. நம்மில் பாதிப் பேர் வேலை பார்க்கிற ஐ.டி. பார்க்கில் அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஒரு மாணவர் எங்கே தூங்குவார், எங்கே சாப்பிடுவார் என்பதெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்று யார், எப்போ முடிவு பண்ணினாங்க? எதற்காக? அதுதான் இந்த எபிசோட்.

உண்மையில் நான் தயார் பண்ணிக்கொண்டிருந்தது வேற. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவர்கள் தங்களுக்கென்று சங்கம், மையம், விடுதி எல்லாம் எப்படி வாங்கினார்கள் என்று ஒரு எபிசோட் கேட்டு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அது என்னைத் தருமபுரிக்கு இழுத்துட்டுப் போயிடுச்சு. அதனால் அமெரிக்கா இன்றைக்கு நடு நடுவே வரும், கதை நடப்பது நம்ம ஊரில்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிடலாம். ஹாஸ்டல் என்றால் நமக்கு உடனே தோன்றுவது தூரம். வீடு தள்ளி இருக்கு, தினமும் வந்து போக முடியாது, அதனால் ஹாஸ்டல். ஆனால் இந்த விடுதிகள் உருவானதற்குத் தூரம் ஒரு பாதிக் காரணம்தான். ஊரில் ஐந்தாவது வரை முட்டி மோதிப் படித்த ஒரு பையன் மேற்படிப்புக்கு டவுனுக்கு வந்தால், அவனுக்கு வாடகைக்கு ரூம் கிடைக்காது. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. சத்திரத்தில் இடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டாலும் ராத்திரி எங்கே படுப்பது? கல்வி மறுக்கப்பட்டது வகுப்பறை வாசலில் மட்டும் இல்லை.

இதற்கு நமக்குத் தெரிந்த பெரிய உதாரணம் அம்பேத்கர். 1913-ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். மாதம் பதினொன்றரை பவுண்டு. முதலில் ஹார்ட்லி ஹால், பிறகு லிவிங்ஸ்டன் ஹால் என்று கேம்பஸ் விடுதிகளிலேயே தங்குகிறார். லிவிங்ஸ்டன் ஹாலில் அவருடன் தங்கிய நவல் பதேனா என்ற பார்சி மாணவர் கடைசி வரை நண்பர். அதாவது நியூயார்க்கில் ஒரு படுக்கை சுலபமாகக் கிடைத்தது. 1917-ல் உதவித்தொகை நிபந்தனைப்படி வேலை பார்க்க பரோடாவுக்கு வருகிறார். ஊர் முழுக்க தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்குகிறார். சில நாளில் விஷயம் தெரிந்து, தடியோடு வந்து வெளியேற்றுகிறார்கள். வெளிநாட்டில் படித்து வந்த ஒரு அதிகாரிக்கே இந்தக் கதி. இதை அவரே பின்னால் எழுதி வைத்திருக்கிறார். அதே அம்பேத்கர் 1925-ல், பொது வாழ்க்கையின் தொடக்கத்திலேயே செய்த வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? சோலாப்பூரில் ஒரு மாணவர் விடுதி திறந்தது.

சரி, நம்ம சென்னை மாகாணத்துக்கு வருவோம். 1890-களின் ஆரம்பத்தில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹியர் என்ற ஆங்கிலேயர், தன் மாவட்டத்தில் பறையர் சமூகத்தின் நிலைமை பற்றி ஒரு விரிவான குறிப்பு எழுதி அரசுக்கு அனுப்பினார். நிலம், வீட்டுமனை, கடன், கல்வி எல்லாம் அதில் இருந்தது. 1893-ல் இவர்களுடைய கல்விக்காக அரசு ஒரு ஆணை போட்டது. அப்போது 'பஞ்சமர்' என்றுதான் ஆவணங்களில் எழுதுவார்கள். அதே வருடம்தான் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்குகிறார். அடுத்த வருடம், 1894-ல், கர்னல் ஆல்காட் சென்னையில் இலவசப் பள்ளி ஆரம்பிக்கிறார். அதற்குப் பின்னால் அயோத்திதாசப் பண்டிதரின் உழைப்பு இருக்கு. மிஷன் பள்ளிகள் இன்னும் முன்னாலேயே இருந்தன.

ஆணை போட்டால் கதவு திறந்துவிடுமா? 1919-ல் அரசே ஒரு கணக்கு எடுத்தது. பொது நிர்வாகத்தில் இருந்த பள்ளிகள் சுமார் 8,000. அதில் இந்தப் பிள்ளைகள் நுழைய முடிந்தவை 600 சொச்சம். காரணம் பல இடத்தில் ரொம்ப எளிமையானது. பள்ளிக்கூடம் அக்கிரகாரத்திலோ, கோயில் மண்டபத்திலோ, ஊர்ச் சாவடியிலோ நடக்கும். அந்தத் தெருவுக்குள்ளேயே கால் வைக்க முடியாத பிள்ளை வகுப்புக்குள் எப்படிப் போகும்? 'அட்மிஷன் எல்லோருக்கும் உண்டு' என்று பேப்பரில் இருக்கும், வழிதான் இருக்காது. இந்த அர்த்தத்தில், 1924-ல் சட்டமன்றத்தில் பொதுச் சாலை, பொதுக்கிணறு எல்லோருக்கும் உரியது என்று இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை ஒரு கல்வித் தீர்மானமாகவும் படிக்கலாம் என்று எனக்குத் தோணும்.

1920 வாக்கில் ஒரு வினோதம் நடக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களின் முன்னேற்றம் என்கிற மொத்தப் பொறுப்பையும் அரசு ஒரு துறையிடம் ஒப்படைக்கிறது. கல்வித்துறைன்னு நினைப்பீங்க. இல்ல, தொழிலாளர் துறை. லேபர் கமிஷனர்தான் இவர்களுக்குப் பள்ளி திறப்பார், கிணறு வெட்டுவார், வீட்டுமனை கொடுப்பார், உதவித்தொகை கொடுப்பார், விடுதி நடத்துவார். ஒரு குழந்தை பள்ளியில் சேரும்போதே அதை அரசு 'தொழிலாளர்' என்ற ஃபைலில்தான் வைத்திருந்தது என்பதை யோசிச்சுப் பாருங்க. அதேசமயம் இதையும் சொல்லணும்: அந்தத் துறை வேலை செய்தது. சாதாரணப் பள்ளி சேர்க்காத இடத்தில் தனிப் பள்ளி நடத்தியது. இன்றைக்கு ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று நாம் பார்ப்பவற்றின் வேர் அங்கேதான் இருக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு அது ஹரிஜன நலத்துறை ஆனது, பிறகு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை.

'ஆதிதிராவிடர்' என்ற பெயரே இந்தக் காலத்துச் சண்டைதான். 1922-ல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பழைய இழிவான பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்று அரசு ஆவணங்களில் எழுத வைத்தார். அவர் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். சென்னை சைதாப்பேட்டையில் அவர் பெயரில் இன்றும் ஒரு கல்லூரி மாணவர் விடுதி இருக்கு. தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த தலித் மாணவரைக் கேட்டாலும் அந்த விடுதியைப் பற்றி ஒரு கதை சொல்வார். பாதிக் கதை தண்ணீர் வராததைப் பற்றி இருக்கும்.

அரசுக்கு வெளியே தனி மனிதர்கள் செய்ததும் உண்டு. சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். நந்தனார் உள்ளே போக ஏங்கிய ஊரிலேயே, நந்தன் பெயரில் பள்ளி, கூடவே தங்கும் இடம். சென்னையில் எல்.சி. குருசாமி அருந்ததியர் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தினார். பகலில் வேலைக்குப் போகிற பிள்ளைக்குப் பள்ளியும் இரவில்தானே நடக்க முடியும். சென்னையின் பச்சையப்பன் கல்லூரி ஆதிதிராவிட மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது 1928-ல்தான். அன்றைக்கு அது நகரத்தின் பெரிய கல்லூரிகளில் ஒன்று. அதுவரை கதவு சாத்தித்தான் இருந்தது.

இப்போ கொஞ்சம் அமெரிக்கா. அங்கே உள்நாட்டுப் போர் முடிந்ததும், வெள்ளையர் கல்லூரிகள் சேர்க்காததால், கறுப்பின மாணவர்களுக்கென்றே கல்லூரிகள் உருவாகின. 1866-ல் ஃபிஸ்க், 1867-ல் ஹோவர்ட். இவை எப்போதும் பணத்துக்குத் திண்டாடும். 1944-ல் டஸ்கிகீ கல்லூரியின் தலைவர் ஃப்ரெடரிக் பேட்டர்சன் ஒரு யோசனை சொன்னார்: ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கையேந்துவதை விட்டுவிட்டு, 27 கல்லூரிகள் சேர்ந்து ஒரே நிதியாகத் திரட்டலாம். அப்படி வந்ததுதான் யுனைடெட் நீக்ரோ காலேஜ் ஃபண்ட்.

அதே 1944. இந்தியாவில் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை ஆரம்பிக்கிறது. 1942-ல் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினரான அம்பேத்கர், பட்டியல் சாதியினரின் குறைகளைப் பட்டியலிட்டு ஒரு மனு கொடுத்தார். அதில் உயர்கல்விக்கு நிதியும் ஒரு கோரிக்கை. வருடத்துக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். 1948-ல் பழங்குடி மாணவர்களும் இதில் சேர்ந்தார்கள். ஒரே வருடத்தில் இரண்டு கண்டங்களில் ஒரே மாதிரி ஏற்பாடு. இது தற்செயல்தான், இதில் சதியோ செய்தியோ தேட வேண்டாம். ஆனால் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டிருந்தார்கள் என்பது நிஜம். 1946-ல் அம்பேத்கர், டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்கிறார். ஜூலை 31 அன்று டுபாய்ஸ் பதில் போடுகிறார்.

ஒரு வித்தியாசத்தையும் குறிச்சுக்கணும். அங்கே திரட்டியது நன்கொடை. இங்கே கேட்டது அரசின் பட்ஜெட்டிலிருந்து. உரிமையாகக் கேட்டதால்தான் பின்னால் ஒவ்வொரு முறை பணம் நிற்கும்போதும் 'ஏன் நிற்கிறது' என்று கேட்க முடிந்தது.

இட ஒதுக்கீட்டு வரலாறு உங்களுக்குத் தெரியும், அதனால் வேகமாகக் கடக்கிறேன். நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கிய கம்யூனல் ஜி.ஓ., 1947-ல் திருத்திய வடிவத்தில், 14 இடங்களில் 2 இடத்தை 'ஹரிஜனங்களுக்கு' ஒதுக்கியது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பில், இரண்டே மாதத்தில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. சீட்டு இதனால் உறுதியானது. சீட்டு கிடைத்த பிறகு நடக்கிற வாழ்க்கை வேற விஷயம். அதைப் பார்க்கத்தான் தருமபுரிக்குப் போகணும்.

தருமபுரி 1965 அக்டோபர் 2-ம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம், தருமபுரியில் 68.5. மாநிலத்திலேயே கடைசி. அரசு மருத்துவக் கல்லூரி 2008-ல்தான் வந்தது, அரசு பொறியியல் கல்லூரி 2013-ல். அதற்கு முன்னால் இன்ஜினியரிங் படிக்க அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ ஒரு பிள்ளை கிளம்பினால் சேலம், கோவை, சென்னை என்று போகணும். போகிற ஊரில் துறை விடுதியில் இடம் கிடைத்தால் படிப்பு. இல்லையென்றால் பெங்களூர் பஸ். பெங்களூரில் கட்டட வேலை எப்போதும் இருக்கும், அதுக்கு கட்-ஆஃப் கிடையாது.

இந்த மாவட்டத்தில் மலைவாழ் மக்களும் இருக்காங்க. சித்தேரி மலை, வத்தல்மலை. பெரும்பாலும் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடிகள். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை; மலையை ஆள்பவர், மலையில் இருப்பவர் என்று பொருள் சொல்வார்கள். இவர்களுடைய பிள்ளைகளுக்கு மலையிலேயே அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கு. 'உண்டு உறைவிட' – எனக்கு ரொம்பப் பிடித்த அரசுத் தமிழ்ச் சொல். சாப்பிடு, தங்கு, படி. வரிசையும் சரியாக இருக்கு.

ஆனால் உண்டு உறைந்து பன்னிரண்டாவது முடித்த பிள்ளைக்கு அடுத்து தேவை ஒரு காகிதம். சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதி என்றால் தாசில்தார் கொடுப்பார். பழங்குடி என்றால் ஆர்.டி.ஓ. நம்ம தொழில் பாஷையில் சொன்னா இது ஒரு சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். உதவித்தொகை, விடுதி, ஒதுக்கீடு, கட்டண விலக்கு என்று எத்தனை சர்வீஸ் இருக்கோ, எல்லாம் அந்த ஒரு பேப்பரை நம்பி நிற்குது. அது வரவில்லை என்றால் எதுவும் ஓடாது.

இதில் ஒரு அபத்தம் இருக்கு, கேளுங்க. 1976-ல் நாடாளுமன்றம் ஒரு திருத்தச் சட்டம் போட்டது. ஒரே சமூகம் ஒரு மாவட்டத்தில் பட்டியலில் இருக்கும், பக்கத்து மாவட்டத்தில் இருக்காது என்கிற குழப்பத்தைக் குறைப்பதுதான் நோக்கம். ஆனால் தமிழ்நாட்டுப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டப் பெயர்கள் அப்படியே நின்றுவிட்டன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. கோவை இல்லை. அன்றைய கோவை மாவட்டத்திலிருந்து பின்னால் பிரிந்ததுதான் ஈரோடு. விளைவு? சித்தேரி மலையில் பிறந்தால் பழங்குடி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் அதே மலையாளி சமூகத்தில் பிறந்தால் சான்றிதழ் கிடையாது. இரண்டு ஊருக்கும் நடுவே பெண் கொடுத்து எடுக்கிற உறவு இருந்தாலும், அண்ணன் பிள்ளைக்கு உண்டு, தம்பி பிள்ளைக்கு இல்லை என்கிற நிலைமை. பர்கூர் மக்கள் பல வருடமாகக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் ப்ரொடக்ஷனில் நிறைய பழைய பக் பார்த்திருக்கேன், ஆனால் 1976-லிருந்து ஒரு வரி திருத்தப்படாமல் இத்தனை தலைமுறையின் டி.சி.யை நிறுத்துவதைப் பார்த்ததில்லை.

இதே சித்தேரி மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களில் பள்ளி வயதுச் சிறுமிகளும் உண்டு. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் அதே செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மாணவர் வரலாறு பேசுகிற எபிசோடில் இதை ஏன் சொல்றேன்? சான்றிதழ் வாங்க எந்த வருவாய்த்துறை ஆபீஸ் வாசலில் நிற்கணுமோ, அந்தத் துறையின் ஆட்களும் அந்தக் குற்றவாளிகள் பட்டியலில் இருந்தாங்க. அந்த ஊர்ப் பிள்ளை அந்த வாசலுக்குப் போகும்போது மனசில் என்ன இருக்கும் என்பது எந்தச் சேர்க்கை விகிதக் கணக்கிலும் வராது.

அடுத்தது 2012. அந்த வருடம் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு விஷயம் நடந்தது. செப்டம்பர் 11-ம் தேதி தமிழ்நாடு அரசு ஒரு அரசாணை வெளியிட்டது. எண் 92. சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் ஆதிதிராவிட, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே செலுத்தும் என்றது. இன்ஜினியரிங் முழுக்கத் தனியார் கையில் இருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம்ம பேட்ச் ஆட்களுக்குத் தெரியும். அந்த எண் மாணவர்களுக்கு மனப்பாடம். 'தொண்ணூத்திரண்டு' என்றால் போதும், மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

நவம்பர் 7-ம் தேதி, தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று தலித் மக்களின் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தையும் பெண்ணின் தந்தை உயிர் மாய்த்துக்கொண்டதையும் தொடர்ந்து நடந்த வன்முறை. 250-க்கும் மேற்பட்ட வீடுகள். நிறைய பேர் பெங்களூரில் உழைத்துக் கொண்டுவந்த காசில் கட்டிய வீடுகள். பீரோக்களை உடைத்து நகையை எடுத்த பிறகு கொளுத்தியது பற்றி அப்போது நிறைய எழுதினார்கள். கூடவே எரிந்தவை: மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், டி.சி., ரேஷன் கார்டு. செப்டம்பரில் அரசு திறந்த கதவுக்குள் நுழைய என்னென்ன காகிதம் வேணுமோ, அதெல்லாம் நவம்பரில் சாம்பல். நகல் வாங்கலாம், உண்மைதான். நகல் வாங்க விண்ணப்பம், காவல் நிலையச் சான்று, அலைச்சல். அதைச் செய்யவேண்டியவர்கள் அப்போது பந்தலுக்குக் கீழே படுத்திருந்தார்கள்.

இப்போ கல்லூரிக்குள்ளே வருவோம். கட்டண விலக்கு இருக்கு, ஆனால் பணம் அரசிடமிருந்து கல்லூரிக்கு வந்து சேர மாதங்கள் ஆகும். நான் பார்த்த ஒரு கல்லூரி, பேர் வேண்டாம். செமஸ்டர் ஹால் டிக்கெட் கொடுக்கிற அன்றைக்கு ஆபீஸ் கிளார்க் வகுப்பு வாசலில் நின்று 'ஸ்காலர்ஷிப் பசங்க மட்டும் ஆபீஸுக்கு வாங்க' என்பார். பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்திருப்பார்கள். அதுவரை வகுப்பில் யார் என்ன சாதி என்று தெரியாதவர்களுக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். சட்டப்படி இதில் எந்த விதிமீறலும் இல்லை என்றுகூடச் சொல்வார்கள்.

பணம் ஏன் தாமதமாகிறது என்பதற்குப் பின்னால் ஒரு சூத்திரம் இருக்கு. நீண்ட காலம் போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் 'உறுதிப் பொறுப்பு' என்று ஒரு விதி இருந்தது. ஒரு திட்டக் காலத்தின் கடைசி வருடத்தில் ஒரு மாநிலம் எவ்வளவு செலவழித்ததோ, அந்தத் தொகை அடுத்த காலத்துக்கு முழுக்க மாநிலத்தின் பொறுப்பு. அதற்கு மேல் ஆவதை மட்டும் மத்திய அரசு தரும். அப்படியென்றால், நிறைய தலித் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்த மாநிலத்துக்குப் பாரம் அதிகம். தமிழ்நாடு மாதிரி மாநிலம் நன்றாகச் செய்ததற்கே அபராதம் கட்டியது. நிலுவை ஏறிக்கொண்டே போனது. 2020 டிசம்பரில்தான் மத்திய அமைச்சரவை இதை மாற்றி, 60-க்கு 40 என்ற பங்கீட்டுக்கு வந்தது. ஐந்து வருடத்துக்கு மொத்தம் 59,048 கோடி. 1944-ன் 3 லட்சத்திலிருந்து இங்கே.

விடுதி வெறும் படுக்கும் இடம் இல்லை என்பதையும் பேசணும், ஏன்னா கேம்பஸ் வாழ்க்கையின் பாதி அங்கேதான் நடக்குது. ஒரு ரூமில் எட்டுப் பேர், பத்துப் பேர். ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி. குரூப் 4 நோட்ஸ் கைமாறும். டி.என்.பி.எஸ்.சி. பாஸ் பண்ணிப்போன அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து கிளாஸ் எடுப்பார். ஏப்ரல் 14 அன்றைக்கு வாசலில் படம் வைப்பார்கள். தமிழ்நாட்டின் ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், எழுத்தாளர்கள், இயக்கத் தலைவர்கள் எத்தனையோ பேரின் முதல் மேடை இந்த மெஸ் ஹால்தான். சாப்பாட்டில் புழு இருக்கு என்று தட்டைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்து உட்காருவதுதான் பலருக்கு முதல் போராட்டம்.

இந்த இடத்தில் அமெரிக்கா திரும்பவும் நினைவுக்கு வரும். 1968 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கமும் பிற இன மாணவர்களும் ஆரம்பித்த வேலைநிறுத்தம் மார்ச் வரை, சுமார் ஐந்து மாதம் நடந்தது. எங்களைச் சேர்த்துக்கொண்டால் மட்டும் போதாது, எங்கள் வரலாறு பாடத்தில் இருக்கணும், எங்களுக்கு இடம் இருக்கணும் என்றார்கள். இன ஆய்வுகளுக்கென்று ஒரு கல்விப் பிரிவையே வாங்கினார்கள். நம்ம விடுதி மாணவர்கள் அளவில் அவ்வளவு பெரிய வேலைநிறுத்தம் நடத்தியதில்லை. 2015-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்து, நாடு முழுக்க எதிர்ப்பு வந்ததும் சில நாளில் திரும்பக் கொடுத்தார்கள். அடுத்த ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா. விடுதி அறையிலிருந்து வெளியேற்றப்பட்டு, திறந்த வெளியில் கூடாரம் போட்டுத் தூங்கியவர். நூறு வருடத்துக்கு முன்னால் பரோடாவில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியலை.

கடைசியாக, பெயர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலிருந்து 'ஆதிதிராவிடர் நல', 'கள்ளர் சீரமைப்பு' மாதிரி அடையாளங்களை நீக்கணும் என்றார்கள். 2025 ஜூலையில், பல நலத்துறைகளின் கீழ் இருக்கும் விடுதிகள் அனைத்துக்கும், சுமார் 2,700 விடுதிகளுக்கு, 'சமூகநீதி விடுதி' என்று ஒரே பெயர் வைப்பதாக முதலமைச்சர் அறிவித்தார்.

எனக்கு இதில் இரண்டு மனசு. பஸ்ஸில் 'எந்த ஹாஸ்டல் தம்பி?' என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்கும் பையனுக்கு இந்தப் பெயர் நிச்சயம் நிம்மதி. அதை லேசாக எடுத்துக்கக் கூடாது. ஆனால் 1922-ல் போராடி வாங்கிய 'ஆதிதிராவிடர்' என்ற பெயரும் பலகையிலிருந்து போகுது. பெயர் போன பிறகு துறையின் பணமும் தனிக் கணக்கில் நிற்குமா, இல்லை பொதுக் குட்டையில் கலந்துவிடுமா என்பதைக் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். டெக்சஸில் 2024 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த சட்டத்தால், ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் சிறுபான்மை மாணவர்கள் கூடும் பல்பண்பாட்டு மையத்தையே மூடிவிட்டார்கள். அங்கே நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்றல்ல. இங்கே பெயர் மாறினாலும் கட்டடம் இருக்கு, மெஸ் ஓடுது. என் கேள்வி பெயரைப் பற்றியதும் இல்லை, பட்ஜெட் தலைப்பைப் பற்றியது.

இந்த எபிசோடில் ஒரு பெரிய பகுதி விடுபட்டிருக்கு: மாணவியர் விடுதிகள். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பாலக்கோடு பக்கம் 1970, 80-களில் துறை விடுதியில் தங்கிப் படித்த அம்மாக்கள், அத்தைகள், டீச்சர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவங்களிடம் பேசி ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. வார்டன் எப்படி இருந்தார், என்ன சாப்பாடு, ஊருக்கு எப்போ போனாங்க, யார் படிப்பை நிறுத்திட்டுக் கல்யாணத்துக்குப் போனாங்க, எதுவாக இருந்தாலும் சரி. பெயர் சொல்ல விருப்பம் இல்லைன்னா பெயர் இல்லாமலே போடுவோம். வருகிற வாய்ஸ் நோட்களை வைத்துத்தான் அடுத்த எபிசோட்.